அடித்து நீக்கப்பட்ட பதினேழாவது பெயர்

அனுப்புநர்
காகித ஆலைக் கொதிகலன் தொழிலாளியின் மகள்,
சீருடைத் தையற்கூடப் பணியாளர்,
ஆலைக் குடியிருப்பின் பின்தெரு.

பெறுநர்
பிறப்பு இறப்புப் பதிவாளர் அவர்கள்,
பதிவு அலுவலகம், முதல் மாடி.

பொருள்: காகித ஆலை விபத்தில் ஒரே பெயருடைய இருவர் இறந்தும் ஒருவரின் இறப்பே பதிவாகியிருப்பது – மற்றவரின் இறப்பையும் பதியக் கோருவது – தொடர்பாக.

பார்வை: திருப்பி அனுப்பப்பட்ட என் முந்தைய மனுக்கள் இரண்டு.

மதிப்பிற்குரிய பதிவாளர் ஐயா,

1. நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விடுமுறையில் வீட்டிலிருந்த என் தந்தையை, ஆள் குறைகிறது என்று ஆலையிலிருந்து ஒருவர் வந்து அழைத்துப் போனார். பாதிச் சவரத்தில் இருந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். பதினொரு மணிக்குக் கொதிகலன் வெடித்தது. அவர் திரும்பவில்லை. எனக்கு அப்போது வயது ஒன்பது.

2. அதே பிரிவில் அதே பெயரில் இன்னொருவரும் வேலை பார்த்தார். குழப்பம் வராமலிருக்க என் தந்தையை நெட்டை என்றும் அவரைக் குட்டை என்றும் கூப்பிடுவார்கள். மறுநாள் செய்தித்தாளில் இறந்தவர்கள் பதினேழு பேரின் பட்டியல் வந்தது. அந்தப் பெயர் அதில் இரண்டு இடத்தில் இருந்தது. மூன்றாம் நாள், ஒரே பெயர் தவறுதலாக இருமுறை அச்சாகிவிட்டது என்று திருத்தம் போட்டுப் பதினாறாக்கிவிட்டார்கள். வருகைப் பதிவேடு எரிந்துபோயிருந்தது. அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலில் அன்றைக்குக் குட்டையின் முறைதான் இருந்தது. ஆகவே, இறந்தவர் அவர் என்றும், வேலை நாளே இல்லாத என் தந்தை வேறெங்கோ போயிருக்க வேண்டும் என்றும் ஆலை நிர்வாகம் என் தாயாரிடம் சொல்லி அனுப்பியது. அழைக்க வந்தவரும் அன்றே இறந்துவிட்டபடியால் எங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

3. அன்று முதல் என் தாயார் எல்லாக் காகிதங்களிலும் 'கணவரால் கைவிடப்பட்டவர்'. நெருப்பில்லாமல் புகையுமா என்று தெருவில் பேசினார்கள், ஐயா. நெருப்பு எங்கே எரிந்தது என்பது தெருவுக்கே தெரியும்.

4. என் முதல் மனுவுக்கு, மேற்படியார் இறந்ததற்கு ஆதாரம் இல்லை என்று தங்கள் அலுவலகம் பதில் தந்தது. இரண்டாவது மனுவுக்கு, மேற்படியாரின் இறப்பு ஏற்கனவே பதிவாகியுள்ளது என்று பதில் வந்தது. நேரில் கேட்டபோது, தங்கள் எழுத்தர் குட்டையின் சான்றிதழை அச்செடுத்துக் கொடுத்து, "பேரு சரியாத்தானே இருக்கு, இதையே வச்சுக்கோங்கம்மா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதில் மனைவி பெயர் வேறு. இம்முறை அந்தப் பெயரை மனுவில் எழுதாமல் இணைப்பில் மட்டும் வைத்திருப்பதற்கு இதுவே காரணம். பெயரைத் தட்டினால் கணினி முதலில் காட்டும் ஆளோடு என் மனு முடிந்துபோகிறது.

5. ஆதாரம் தேடி, பதினான்கு மாதம், என் வார விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில், பொது நூலகத்தின் பழைய செய்தித்தாள் அறையில் உட்கார்ந்தேன். ஜன்னல் இல்லாத அறை. தாளை விரலால் இழுத்தால் கிழியும், உள்ளங்கையால் தூக்கித் திருப்ப வேண்டும் என்று நூலகர் சொல்லித் தந்தார். அந்தப் பெயரில் எத்தனை பேர் இருந்திருக்கிறார்கள் என்று அங்கேதான் அறிந்தேன். ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கிய மாணவன் ஒருவன். கண்டெடுத்த பையை உரியவரிடம் ஒப்படைத்த பேருந்து நடத்துநர் ஒருவர். தன் மனைவிக்கு யாரும் கடன் கொடுக்க வேண்டாம் என்று விளம்பரம் செய்த ஒருவர். விபத்துக்கு இரண்டு ஆண்டு கழித்து மிதிவண்டி திருடி மூன்று மாதச் சிறை பெற்ற ஒருவர். இந்தக் கடைசிச் செய்தியைப் படித்த வாரம் நான் தைத்த சட்டைகளில் பாதியைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. திருடனாகவே இருக்கட்டும், உயிரோடு இருந்திருக்கிறாரே என்று மனம் அடித்துக்கொண்டது. அடுத்த செவ்வாயன்று தீர்ப்புச் செய்தியைத் தேடியெடுத்தேன். அந்தத் திருடனுக்கு வயது இருபத்திரண்டு.

6. பிறகு இரண்டு செய்திகள் கிடைத்தன. முதலாவது, விபத்துக்கு முந்தைய மாதம் ஆலையில் நடந்த கயிறிழுக்கும் போட்டியின் படம். நெட்டையும் குட்டையும் தோளில் கைபோட்டு நிற்கிறார்கள். ஒரே பெயர், ஒரே பிரிவு என்று கீழே வேடிக்கையாக எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது, குட்டையின் முதலாண்டு நினைவஞ்சலி. அதிலிருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு போனேன். அவருடைய மகன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். உடலுக்கு அருகே கிடந்த சாப்பாட்டு டப்பாவில் பெயர் பொறித்திருந்ததை வைத்துத்தான் அவர்களிடம் ஒப்படைத்தார்களாம். அந்த உடலின் உயரம் ஆறடி என்று பழைய விபத்து விசாரணைச் செய்தி ஒன்றில் இருந்ததை அவரிடம் படித்துக் காட்டினேன். கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"எங்கப்பா எங்கம்மா தோளுக்குத்தான் வருவாரு. பெட்டி ஏன் இவ்ளோ நீளம்னு அன்னிக்கே கேட்டேன். சின்னப் பையன் பேச்சை யாரு கேட்டாங்க" என்றார்.

நாற்பத்தோரு ஆண்டுகளாக அவர்கள் துடைத்துப் பூ வைத்துவரும் கல்லறையில் இருப்பவர் என் தந்தை. அந்த மகனின் தந்தையான குட்டை, அடையாளம் தெரியாதவர்களோடு பொதுக்குழியில் இருக்கிறார். ஆறுதல் தேடிப் போன நான், ஒரு மனிதரிடமிருந்த ஆறுதலையும் பறித்துக்கொண்டு திரும்பினேன். இருந்தும் அவர் எனக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

7. என் தாயாருக்கு வயது எழுபத்திரண்டு. விவரம் சொன்னபோது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"ஓடிப்போனவர்னா எங்கேயோ உக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாருன்னு நெனச்சிருந்தேன். நீ தேடிப்போய் சாகடிச்சிட்டு வந்து நிக்கிறியேடி."

பதினொரு நாள் என்னோடு பேசவில்லை.

8. ஆகவே தங்களிடம் கோருவது இவ்வளவே. கல்லறையைத் தோண்ட வேண்டாம். எந்த எலும்பு யாருடையது என்பதை வெல்டரும் நானும் பேசி முடித்துக்கொண்டோம். கல் இருந்தபடியே இருக்கும், நான் செவ்வாய்தோறும் போய்வருவேன், அவர் தடை சொல்லமாட்டார். உதவித்தொகை எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெயரை அதே நாளில், அதே இடத்தில், இரண்டாவது முறையாகப் பதிந்து தர வேண்டும். 'இருமுறை பதிவு' என்று எவரும் மறுபடி அடித்துவிடாதபடி, குறிப்புப் பகுதியில் இவர் வேறொருவர் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும்.

9. இதை இன்று காலை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். பன்னிரண்டாம் நாள் வாயைத் திறந்து ஒரே ஒரு திருத்தம் சொன்னார். முழுக்க முழுக்க உன் தகப்பன் கதையாகவே எழுதி வைத்திருக்கிறாய் என்றார். "எம் புருஷன்னு ஒரு எடத்துலயாவது எழுது."

எழுதுகிறேன், ஐயா. இறந்தவர் என் தாயாரின் கணவர். அவர் தம் மனைவியை விட்டு எங்கும் போகவில்லை.

இடம்: பதிவு அலுவலக வாசல்
நாள்: பதினோராம் மாதம் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை

பணிவுடன்,
(கையொப்பம்) மகள்
(இடது பெருவிரல் ரேகை) மனைவி

இணைப்பு: பெயர் எழுதிய தாள் ஒன்று; நூலகர் சான்றளித்த செய்தித்தாள் நகல்கள் ஐந்து; வெல்டரின் சாட்சிக் கடிதம்.