கசிவு இல்லை என்று எழுதிய தாள்

ஜூன் 2

அன்புள்ள மச்சானுக்கு,

கையெழுத்துக்கு முதலில் மன்னித்துக்கொள். ஓர் எழுத்து பானை மாதிரி உட்கார்ந்திருக்கும், அடுத்தது ஒற்றைக் காலில் நிற்கும். அறுபத்தெட்டு வயதில் பேனா பிடித்த கை வேறு எப்படி எழுதும்? ஆனால் யாரும் எழுதிக் கொடுத்ததல்ல. உன் அத்தான் நானே எழுதுகிறேன்!

ஆறு மாதமாக நூலகத்தில் காலை வகுப்புக்குப் போகிறேன். எல்லாம் அந்த மெஷின் கம்பெனியால்தான். அவர்கள் சுவரைப் படம் பிடித்து, குழாய் எங்கே கசிகிறது என்று தாளில் அடித்துக் கொடுக்கிறார்கள். நானோ சுவரில் கம்பியை வைத்துக் காது கொடுத்துக் கேட்டு, வாயால் சொல்கிறவன். "எழுத்துல கொடுங்க" என்று கேட்ட வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சரி, எழுத்துதானே, கற்றுக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டேன்.

கற்றதும் முதலில் படித்தது உன் தாளைத்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு உன் மகன் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, என் கருவிப்பெட்டியில் மடித்து வைத்துவிட்டுப் போனாயே, அது. உன் அக்காவிடம் கொடுத்தால் படித்திருப்பாள். என்னைத் திட்டி எழுதியிருந்தால் அவளும் உன்னோடு சேர்ந்துகொள்வாள் என்று பயம். எழுத்துக் கூட்டிப் படிக்க இரண்டு காலை ஆனது.

"கசிவு இல்லை என்று நீங்கள் சொன்னால் உங்களுக்கு நல்ல பெயர், வந்து பார்த்ததற்குக் கூலியும் உண்டு. சுவரை உடைத்துப் பூசினால்தானே கொத்தன் எனக்கு வேலை? கரணையோடு வாசலில் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்" என்று எழுதியிருந்தாய். இருபது வருடம் கூடவே நடந்தும் இது எனக்குத் தோன்றவில்லை, மச்சான். இதை ஏன் வாயால் சொல்லவில்லை?

திரும்பி வருவாயா? நீ இல்லாமல் நான் பாதி ஆள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதியது அது! இந்த வயதில் பள்ளிக்கூடம் போய் என்னை மாட்டிவிடுவீர்கள் என்று யார் கண்டார்கள்? உங்களிடம் நேரில் சொன்னால் அக்கா முகம் வாடும். சொல்லாமலும் போக முடியவில்லை. அதனால்தான் தாள்.

இங்கே எனக்குக் குறையில்லை. மருமகள் தங்கமானவள். ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டாள். "நீங்க உக்காருங்க மாமா" என்பதே அவள் வேலை, உட்காருவதே என் வேலை. இந்த வீட்டு மாடிப்படியில் ஒரு விரிசல் இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனாலும் வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வந்தால் மறுபடி வாசல்தான். நீங்கள் மாறமாட்டீர்கள். தையல்கடைக்காரர் வீட்டில் அவரே உடைக்கச் சொல்லியும், "இது கசிவே இல்ல, பின்பக்கச் சன்னலத் திறந்து வைங்க" என்று மூன்று நாள் வேலையை ஒரு வார்த்தையில் துரத்தினீர்களே!

அக்காவுக்கு என் அன்பு.

தங்கள்
மச்சான்

ஜூன் 16

அன்புள்ள மச்சானுக்கு,

நான் மாறவில்லை, உண்மைதான். ஆனால் போன இரண்டு மாதத்தில் நடந்ததைக் கேள்.

நான் எழுதிக் கொடுத்த முதல் தாள் பல் டாக்டரம்மாவுக்கு. அவர் மருத்துவமனைச் சுவரில் ஈரம். போய்க் கம்பி வைத்துக் கேட்டேன். கசிவே இல்லை. நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் ஒரு முழுக் காலையும் உட்கார்ந்து எழுதினேன். காதில் விழுந்ததை எல்லாம் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 'மேல்மாடியில் ஒருவர் செருப்போடு நடக்கிறார். இடது குழாயில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது. வலது குழாயும் நல்ல பிள்ளை. உள்ளே ஒரு பல்லி. கசிவு இல்லை. செடித்தொட்டியைச் சுவரைவிட்டுத் தள்ளி வையுங்கள்.' கீழே என் கையெழுத்து.

டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தொட்டியைத் தள்ளி வைத்தார், சுவர் காய்ந்தது. தாளைக் கண்ணாடி போட்டு அந்த பெஞ்சுக்கு எதிரிலேயே மாட்டிவிட்டார்! காத்திருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை? படிக்கிறார்கள். என் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அவர்கள் முறை வந்துவிடுகிறதாம். ஒருவர் போனில், "வேலை இல்லேன்னா இல்லேன்னு எழுதிக் கொடுக்கிற ஆளு நீங்கதானா? எங்க வீட்டுக்கும் வாங்க" என்றார். இதுவரை பதினோரு வீடு. நழுவிப் போன தையல்கடைக்காரரும் வந்துவிட்டார். இந்த முறை அவர் வீட்டில் நிஜமாகவே கசிவு!

வம்பு அங்கேதான். நான் கூட்டிப் போன ஆள் பூசிய பூச்சு, தழும்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கிறது. பெண்கள் விடுதியிலும் அவன் கைவேலைதான். விடுதி நடத்தும் அம்மா என்னைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போய், "இதே சுவத்துல அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க உடைச்சீங்க? காட்டுங்க பாப்போம்" என்றார். தேடினேன், தடவினேன். கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை, மச்சான். அது நீ பூசியது. "அந்தக் கை இருந்தா விடுதியோட மூணு கட்டடத்தையும் வருஷம் பூரா நீங்களே பாருங்க. இல்லேன்னா நான் கம்பெனிக்குச் சொல்லிடறேன்" என்றார். ஜூலை முதல் தேதி வரைதான் தவணை.

இல்லாத கசிவை இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் இனி வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வா. சுவரை நீயும் தட்டிப் பார், விரிசலை நீயும் சொல். உடைத்தாலும் உடைக்காவிட்டாலும் கூலி சரிபாதி. தாளில் இரண்டு பேர் கையெழுத்து.

உன் அக்கா எட்டிப் பார்த்து, "கெஞ்சுறத இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதுங்க" என்கிறாள்.

இப்படிக்கு,
அத்தான்

ஜூன் 20

அன்புள்ள அத்தானுக்கு,

விடுதிச் சுவரைப் பற்றி எழுதியதை மருமகளிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாம் முறை ஆரம்பித்தபோது, "கெளம்புங்க மாமா, உங்க மனசு எங்க இருக்குன்னு எனக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டாள். இருபத்தொன்பதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

ஆனால் ஒன்று. சரிபாதி என்று கடிதத்தில் பேச்சோடு பேச்சாகச் சொன்னால் போதாது. டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் தனித்தாளா? எனக்கும் ஒன்று வேண்டும். அது கைக்கு வராமல் ரயில் ஏறமாட்டேன்.

தங்கள்
மச்சான்

ஜூன் 23

அன்புள்ள மச்சானுக்கு,

இதோ, உன் தாள். நேற்றுக் காலை முழுக்க இதே வேலை:

'என் மச்சானை இன்று தீரக் கேட்டேன். உள்ளே இருபது வருடக் கசிவு. கவனிக்காமல் விட்டது என் தப்பு. இனி உள்ளே வருவது இரண்டு பேர், கூலி சரிபாதி, தாளில் இரண்டு கையெழுத்து.'

என் கையெழுத்து இட்டாயிற்று. பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். நீயும் போட்டு, கையோடு எடுத்து வா. விடுதி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கம்பெனிக்கு வேண்டாம்னு சொல்லிடவா?" என்று கேட்டார். "தாராளமா" என்றேன். ஆகையால் ரயிலைத் தவறவிட்டுவிடாதே!

உன் அக்கா உன் அறைக்குச் சன்னல் துணி மாற்றிவிட்டு, காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறாள். பாட்டு சகிக்கவில்லை. நீ வந்து நிறுத்து.

நீ வந்துவிட்டால் கடிதத்துக்கு என்ன வேலை என்று நினைக்காதே. இப்போதுதான் எனக்குக் கை ஓடுகிறது, அதை விடுவேனா? அடுத்த வாரமும் எழுதுவேன். நீ மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாய், நான் இந்தப் பக்கமிருந்து எழுதி நீட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்