கரையான் அரிக்காத புத்தகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டில் இருக்கிற தூசியெல்லாம் இப்போதுதான் தெரிகிறதாம், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஒட்டடைக் கொம்போடு விரட்டுகிறாள். மாடிக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளை நாளை என்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

நூலகத்தில் வருஷா வருஷம் பழைய புத்தகங்களை மலிவாகத் தள்ளிவிடுவார்களே, அது போன வாரம் நடந்தது. மலிவு என்றால் எனக்குக் கால் நிற்காது, உனக்குத் தெரியும். கடைசி நாளில் போனால் ஒரு பையில் எவ்வளவு திணித்தாலும் ஒரே விலை, அதனால் இருப்பதிலேயே பெரிய துணிப்பையை எடுத்துக்கொண்டு கதவு திறக்கும் முன்பே வரிசையில் நின்றேன். மேசை மேல் இருப்பதை முதல் நாளே எல்லாரும் மேய்ந்திருப்பார்கள், நல்ல சரக்கு மேசைக்கு அடியில் இருக்கிற அட்டைப்பெட்டியில்தான் கிடக்கும். முப்பது வருஷம் இருட்டு மூலைகளில் மின்சார மீட்டர் பார்த்த கண் ஆயிற்றே, முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஓர் அகராதி கிடைத்தது, அம்மாவுக்குப் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் இரண்டு கிடைத்தது, எனக்கு ஒரே கொண்டாட்டம். மூன்றாவது பெட்டிக்கு நகர்ந்தபோது பக்கத்தில் முட்டி போட்டிருந்த ஒரு பெண் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றை உருவித் தன் பையில் போட்டார். புத்தகத்தின் முதுகில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதை ஒட்டியது நான். அது உன் பூச்சிப் புத்தகம்.

பாப்பா, உன் புத்தகங்களைக் கரையான் அரிக்கவில்லை. நான் அலைந்து திரிந்து பேசி வைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பூச்சி படிக்க நீ விமானம் ஏறினாயே, அதற்கு அடுத்த வாரம் எல்லாவற்றையும் இரண்டு பெட்டியில் அடைத்து ஆட்டோவில் ஏற்றி நூலகத்தில் கொடுத்துவிட்டேன். கோபம்தான், வேறு காரணம் இல்லை. திரும்பி வரும்போதே மனசு உறுத்தியது, ஆனால் ஆட்டோவைத் திருப்பச் சொல்லவில்லை. நீ போனில் கேட்டபோது வாயில் வந்தது கரையான். பூச்சி படிக்கிறவளிடம் போய்! மண் கோடு எந்தச் சுவரில் வந்தது, அங்கே ஈரம் இருந்ததா என்று நீ கேட்டாய், நானும் கூசாமல் வடக்குச் சுவர் என்றேன். நீ மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்த மடையன் நான்.

அந்தப் பெண் பஸ் ஓட்டுகிறவர், சீருடையோடு வந்திருந்தார். அந்தப் புத்தகத்தை எனக்கு விட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். "மன்னிச்சுக்குங்க சார், இதுக்காகத்தான் ஷிப்ட்டை மாத்திக்கிட்டு வந்தேன்" என்றார். பஸ் கண்ணாடியில் வந்து மோதும் பூச்சிகளுக்குப் பெயர் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் இரவல் எடுத்தாராம். "அப்புறம் ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்காளே ஒரு பொண்ணு, அவளுக்காகவே பத்துத் தடவை எடுத்துட்டேன் சார், அப்படிச் சிரிக்க வைக்கிறா." அது என் பொண்ணு என்றேன். "அப்படியா! அப்ப இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. ஒன்பது வருஷமாக உன்னிடம் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருவரிடம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் முட்டி போட்டபடியே சொன்னேன். அவர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். உன் கோணல் எழுத்து. "கும்பிடுபூச்சி சட்டை உரிக்கிறது. அப்பாவைக் கூப்பிட்டேன். இதோ வரேன் என்றார். உரித்து முடித்துப் போய்விட்டது." எந்த நாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே இல்லை. ஞாபகத்தில் வைக்கிற அளவுக்கு அது எனக்கு ஒரு விஷயமாக இருந்திருக்கவில்லை.

கடைசியில் அவரே புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "உங்க பொண்ணுக்கு வேணாம்னா மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்க" என்று பஸ் டிப்போ விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். உன் மற்ற புத்தகங்களைப் பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் முந்தின விற்பனைகளிலேயே போயிருக்கும் என்றார் நூலகர். இருந்தாலும் எல்லாப் பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தேன், இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவள் ஆச்சரியமே படவில்லை. "அவளுக்கு எப்பவோ தெரியும். முதல் தடவை லீவுக்கு வந்தப்பவே அலமாரியைத் தடவிப் பாத்துட்டு, ஒரு ஓட்டைகூட இல்லம்மான்னா. கேக்க வேணாம், அப்பாவே சொல்லட்டும்னுட்டா" என்கிறாள். நீ உன் வேலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாததற்கு நேரமில்லாததுதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

புத்தகத்தை உடனே கூரியரில் போட்டு உன்னை அசத்தலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு பயம் வந்துவிட்டது. உன்னுடையதை எடுத்து ஒரு முறை என் இஷ்டத்துக்குச் செய்தாயிற்று. உனக்கு அனுப்பவா, உன்னை இத்தனை தடவை படித்த அந்தப் பெண்ணுக்கே கொடுக்கவா, நீ சொல். நீ சொல்லும் வரை அது கூடத்து மேசையில் இருக்கும், நான் எங்கேயும் நகர்த்த மாட்டேன்.

அம்மாவின் கண்ணில் இன்னும் இரண்டு வாரம் சொட்டு மருந்து விட வேண்டும், அவளை அழவைக்கிற மாதிரி போனில் எதுவும் பேசிவிடாதே. திட்டுவதென்றால் எனக்குத் தனியாக எழுது, எத்தனை பக்கம் இருந்தாலும் படிப்பேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அப்பா