கால் குளிராத வெள்ளிக்கிழமை

ஜனவரி 2, வெள்ளி

வடக்குக் காற்று. கடலில் இறங்கியதும் உயிர் போய்விட்டு வந்தது. சுலைமான் பாய் வழக்கம்போல சிவப்பு மிதவையைத் தொட்டுவிட்டு வந்தார். நான் வழக்கம்போல பாதியில் திரும்பினேன். பாதம் மரக்கட்டை, கெண்டைக்கால் இழுப்பு. பாழாய்ப்போன குளிர்.

கரையில் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொல்கிறார்: "விசா கேன்சல் பண்ணியாச்சு ஓய். மாசக் கடைசியில ஊருக்கு. கடையத் தம்பி பாத்துக்கிடுவான்."

இந்த அரபு நாட்டு ஈசா டவுனில் எனக்கென்று இருக்கும் ஒரே சிநேகிதர். போவதற்குள் ஒரே ஒரு தடவை, இரண்டு பேருமாக அந்த மிதவையைத் தொட்டுவிட வேண்டும்.

ஜன. 5, திங்கள்

ஆபீஸ் விட்டு ரப்பர் சாக்ஸ் வாங்கினேன், முக்குளிப்பவர்கள் போடுவது. பால் மறந்துவிட்டது. பாத்ரூம் பல்பும். வீட்டில் மாலதி பிடித்துக்கொண்டாள்: "சுகர் டெஸ்டுக்குப் போக நேரமில்ல. கடலுக்குச் சாக்ஸ் வாங்க மட்டும் நேரமிருக்கு."

பாய் போனில் யோசனை: ஈர மணலில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. நீந்தும்போது விரலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குமுன் சாக்ஸுக்குள் வெதுவெதுப்பாகத் தண்ணீர். "கொதிக்கக் கொதிக்க ஊத்திக்கிடாதேயும்!"

ஜன. 9, வெள்ளி

மேகமூட்டம். பிளாஸ்க், சாக்ஸ், துண்டு. இறங்கினேன். கால் குளிரவே இல்லை! மிதவையில் எழுதியிருந்த எண்ணைப் படிக்கும் தூரம் வரை போய்விட்டேன். மூச்சு வாங்கியதால் பாய் திருப்பினார். "அடுத்த வெள்ளி தொட்டுருவோம்."

கரை ஏறும்போது கத்தினேன், "சாக்ஸ் பிரமாதம் பாய், குளிரே தெரியல!"

அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓய், இடது கால் சாக்ஸ் எங்க?"

இல்லை. கடலில் எங்கேயோ கழன்றிருக்கிறது. உள்ளங்காலைச் சிப்பி கிழித்து, மணலெல்லாம் ரத்தம். எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஜன. 11, ஞாயிறு

ஆஸ்பத்திரி. மலையாளி டாக்டரம்மா. கண்ணை மூடச் சொன்னார், நைலான் நூல் மாதிரி ஒன்றை வைத்துப் பாதத்தைத் தொடுவாராம், தெரிந்தால் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஏ.சி. சத்தம். "எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?" என்றேன்.

"கழிஞ்சாச்சு." தொட்டு முடித்துவிட்டாராம்.

பாதம் மரத்தது குளிரால் இல்லையாம். சுகர் நரம்பைத் தின்றிருக்கிறது. காயம் ஆறும்வரை தண்ணீர் படக் கூடாது. கடலை மறந்துவிடுங்கள் என்றார். காரில் மாலதி திட்டுவதற்குப் பதிலாக எனக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

ஜன. 16, வெள்ளி

லீவு. வெயில். பாய்க்குப் போன் செய்து தனியாகப் போகச் சொன்னேன். "தலைவலி" என்றார். பொய். மத்தியானம் வரை போர்த்திக்கொண்டு கிடந்தேன். அவர் போகப்போகிறார் என்பதை விட, என்னால் அவரும் கடலுக்குப் போகவில்லை என்பது தாங்கவில்லை.

ஜன. 30, வெள்ளி

சாயந்தரம் பாய்க்கு ஃப்ளைட். காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். மாலதி கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். கீழே உட்கார்ந்து, "நவுருங்கம்மா, நான் போடுறேன்" என்று மருந்தை வாங்கிக்கொண்டார். "பாய், கால்..." என்று இழுத்தேன். விடவில்லை. கட்டு போட்டு முடித்தும் இரண்டு கையாலும் பாதத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து இருந்தார்.

"இப்ப சூடா இருக்கா ஓய்?"

"இருக்கு பாய்," என்றேன்.

கண்ணால் பார்த்துத்தான் அவர் காலைப் பிடித்திருப்பதே எனக்குத் தெரிந்தது.