செங்கலடிக்குப் போகும் வழி

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

என் மகள் விஜி பள்ளிக்கூடத்தில் எழுதாமல் விட்ட கொப்பி இது. மனதுக்குள்ளேயே வைத்திருந்தால் நெஞ்சு அடைக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. கோணல்மாணலாகத்தான் வரும்.

பகல் விஜி போன் பண்ணினாள். ஆறு மாதமாம். இதுவரைக்கும் எனக்கே சொல்லவில்லை. போன தடவை ஊருக்கெல்லாம் சொல்லி, ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனது. அந்தப் பயம். பிரசர் இருக்கிறதாம், பஸ் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். தாய் வீட்டுக்கு வர முடியாது. செங்கலடியில் மாமியார் இல்லாத வீடு. மருமகன் மேசன் வேலைக்கு விடியப் போனால் இருட்டித்தான் வருவார்.

"அம்மா, நீ வந்துருவல்ல?" என்றாள்.

"வர்றேன்டி" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். எப்படிப் போவேன்? தனியாக எங்கே போயிருக்கிறேன் நான்? பசறைச் சந்தைக்குக்கூட வீட்டுக்காரர் முன்னால் நடப்பார், நான் பின்னால். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தவள். வழியைப் பார்த்ததே இல்லை.

அவர் போய் நாலு மாதம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் குளவி கொட்டி. தூக்கிக்கொண்டு வரும்போது முகமே தெரியவில்லை.

ஆகஸ்ட் 14

செங்கலடி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. போன இரண்டு தடவையும் வேனில் கண்ணை மூடி வாந்தி எடுத்துக்கொண்டே போனேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கந்தப்பன் மாமாவிடம் கேட்டேன். என் வீட்டுக்காரருடைய அண்ணன், இதே லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா. சாவு வீட்டில் எல்லாவற்றையும் அவர்தான் முன்னால் நின்று செய்தார். அதனால் இப்போது நான் எது செய்தாலும் அவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

"ரமேஸ் தீவாளிக்கு வருவான்ல? அவன் கூட்டிட்டுப் போவான். அதுவரைக்கும் சும்மா கெட" என்றார்.

"அதுக்குள்ள புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா மாமா?"

"நீ போர்டு படிச்சு முடிக்கிறதுக்குள்ள பஸ்சு போயிரும். சிங்களமும் தெரியாது. எவனாச்சும் எங்கயாச்சும் எறக்கிவிட்டுட்டா யாரு தேடுறது? என் தம்பி பேரக் கெடுத்துறாத."

கொழும்புக் கடையில் இருக்கும் என் மகன் ரமேசும் அதையேதான் சொன்னான். "நீ அசையாதம்மா. நான் வர்றேன்."

அசையாமல் கெடக்க நான் என்ன அம்மிக்கல்லா? — அவனிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பசறைக்குப் போய் வந்தேன். தனியாக. யாரிடமும் சொல்லவில்லை. பழகிப் பார்க்கலாம் என்றுதான். வேறு ஒன்றும் இல்லை.

மலையில் எனக்கென்று ஒரு நிரை இருக்கும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, பேசிக்கொண்டே கொழுந்து எடுப்போம். பசறையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. எங்கே நின்றாலும் யாருடைய வழியையோ மறிக்கிறேன். ஒரு சீப்பு வாங்கினேன். எதற்குப் போனாய் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

யாரும் கேட்கவில்லை. 

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று பதுளை வரை. பஸ் ஸ்டாண்டில் எல்லா பஸ்ஸும் இரைந்துகொண்டு நிற்கிறது. கூட்டில் கல் பட்ட குளவி மாதிரி ஒரே இரைச்சல். எனக்கு அந்தச் சத்தம் கேட்டால் முதுகு கூசுகிறது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடித்தால் கக்கூசுக்குப் போக வேண்டும், போய் வருவதற்குள் பஸ் போய்விட்டால்?

வரும்போது சன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அவரோடு போகும்போது சன்னல் அவருக்குத்தான். அவர் கேட்டதில்லை, பாவம். நானாகவே தள்ளி உட்காருவேன். இன்றைக்கு முகத்தில் காற்று அடித்தது. நமுனுகுல மலை கூடவே வந்தது. வாந்தியும் வரவில்லை.

நல்லா இருந்தது. அப்படி எழுதவே பயமாக இருக்கிறது. ஐந்து மாதம்கூட ஆகவில்லையே அவர் போய்.

செப்டம்பர் 16

காலையில் பெரட்டில் வேலை பிரித்துக்கொடுக்கும் நேரம் பக்கத்து நிரைக்காரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்: "ஞாயித்துக்கெழம ஆனா மினுக்கிக்கிட்டு எங்கடி போற? பதுளையில மாப்புள பாக்குறியா?"

"ஆமா. ஒனக்கும் சேத்துத்தான் பாக்குறேன். பல்லு இருக்கிறவனா வேணுமா, இல்லாதவனா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார். நானும் சிரித்தேன். மலைக்கு ஏறிய பிறகு தேயிலைச் செடிக்குள் குனிந்து கொஞ்ச நேரம் நின்றேன். 

அக்டோபர் 1

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்வதையே நானும் நம்பிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பசறையிலிருந்து செங்கலடி போகிற அதே பாதையில் லுணுகலை வரை போய்த் திரும்பலாம் என்று ஏறினேன். டிக்கட்டும் லுணுகலைக்குத்தான் எடுத்தேன். எங்கள் மடுல்சீமை பஸ்ஸில் வாயே திறக்க வேண்டாம். எந்த முடக்கில் எந்த லயத்து ஆள் இறங்கும் என்று கொண்டக்டருக்குத் தெரியும். அவனே நிறுத்தி, "எறங்குங்க அக்கா, அடுப்புல சோறு கருகப் போகுது" என்பான். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அதனால் இந்த பஸ் கொண்டக்டரும் சொல்லுவான் என்று உட்கார்ந்திருந்தேன். கடைகள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள். இவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மணி அடித்தான். பஸ் லுணுகலையைத் தாண்டிப் போய்விட்டது.

அப்போதாவது கத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் எப்படிக் கத்துவது என்ற வெட்கம். மலை இறங்கி, வெயில் ஏறி, ஊரே வேறாகிவிட்டது. பிபிலையில்தான் அவன் என்னைப் பார்த்தான். சிங்களத்தில் ஏதோ திட்டினான். இறங்கி நின்றேன்.

திரும்பப் பஸ் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. லுணுகலைப் பக்கம் மண் சரிந்து பாதை அடைத்துவிட்டது என்றார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஒரு கடை வாசலில். இரண்டு ஆம்பிளைகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அய்யோ என்ன செய்வேன், எவன்கிட்ட போய் என்ன கேப்பேன், மாமா சொன்ன மாதிரியே ஆயிப்போச்சே என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

கடைக்குள்ளிருந்து முக்காடு போட்ட ஒரு பொம்பளை வந்தாள். தமிழ் பேசினாள். பேர் நளீரா. அந்தத் துணிக்கடை அவளுடையது.

"எங்க போகணும் அக்கா?"

"எங்கயும் இல்ல. சும்மா போய்ட்டுத் திரும்பலாம்னு..."

"சும்மாவா? பிபிலையச் சும்மா பாக்க வந்த மொத ஆள் நீங்கதான்" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அவள் வீட்டில் படுத்தேன். அவள் கல்முனைக்குத் தனியாகப் போய்த்தான் துணி எடுத்து வருகிறாளாம். பயமில்லையா என்று கேட்டேன். "முந்தி வாசல்ல நின்டு பயந்தேன். இப்ப பஸ்ஸுல இருந்து பயப்புடுறேன்" என்றாள். போனில் சார்ஜ் இல்லாமல் போனதால் அவள் போனில் ரமேசுக்குப் பேசலாம் என்றால், அவன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை.

நேற்றுப் பகல்தான் வந்து சேர்ந்தேன். என் காம்பரா வாசலில் லயமே நின்றது.

"ராத்திரி பூரா எங்க இருந்த?" என்றார் கந்தப்பன் மாமா. சொன்னேன். "பிபிலையில ஒனக்கு என்ன வேல?" என்றார்.  போனில் ரமேஸ் அழுதான். ஆம்பிளைப் பிள்ளை, அழுதான். "ஏம்மா இப்படி மானத்த வாங்குற?"

மாமா என் வீட்டுக்காரருடைய படத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். "இனிமே தனியா எங்கயும் போக மாட்டேன்னு தொட்டுச் சொல்லு."

தொட்டுச் சொன்னேன்.

அக்டோபர் 4

படத்தைப் பார்க்க முடியவில்லை. சோறு போட்டுக்கொண்டு திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

அக்டோபர் 9

விஜியைச் செங்கலடி ஆஸ்பத்திரியில் நிப்பாட்டி வைத்திருக்கிறார்கள். கால் வீங்கிவிட்டது, தலையிடியாம். மருமகன் போனை அவளிடம் கொடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில், "போன தடவை மாதிரியே இருக்கும்மா" என்றாள்.

மாமாவிடம் ஓடினேன். "தீவாளிக்கு இன்னும் மூணு கெழமதானே? ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க" என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டேன். தொழிற்சங்கக் கூட்டமாம். ரமேசுக்கு முதலாளி லீவு தரவில்லை.

படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒங்க மேல வச்ச சத்தியம். ஒடைக்கத்தான் போறேன். கோவம் இருந்தா எனக்குக் குடுங்க. புள்ளைக்கு வேணாம். அதுக்கு ஒண்ணும் தெரியாது.

அக்டோபர் 11

செங்கலடியில் இருந்து எழுதுகிறேன். உடம்பு இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது, பஸ்ஸில் இருப்பது போல.

நேற்றுக் காலை எல்லோரையும் போலப் பெரட்டுக்குப் போனேன். பேர் கொடுத்தேன். கொழுந்துப் பைக்குள் ஒரு சீலையும் விஜிக்கு இரண்டு உடுப்பும். மலைக்குப் பிரிந்து ஏறும்போது குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டேன். பக்கத்து நிரைக்காரி பார்த்துவிட்டாள். செத்தேன் என்று நினைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த ரொட்டிப் பொட்டலத்தை அவிழ்த்து என் பைக்குள் திணித்துவிட்டு, "போ போ, கங்காணி வர்றான்" என்று சொல்லி மேலே ஏறிவிட்டாள்.

பசறையில் மட்டக்களப்பு பஸ். ஏறினேன். சத்தியத்தை உடைத்தவள் ஏறியிருக்கிறாள், இந்த பஸ் எங்கேயாவது உருண்டுவிடும், என்னால் இத்தனை பேரும் சாகப் போகிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முடக்கிலும் அவரைக் கூப்பிட்டேன். அவர் பேரை நான் சொன்னதே இல்லை. நேற்று மனதுக்குள் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிபிலை தாண்டியதும் பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். முழங்கையை என் பக்கமே வைத்துக்கொண்டு வந்தான். நான் நகர நகர அவனும் நகர்ந்தான். கடைசியில் சன்னலோடு ஒட்டிவிட்டேன். இனி நகர இடமில்லை. "தம்பி, தள்ளி ஒக்காரு. எனக்கு வாந்தி வருது" என்று சத்தமாகச் சொன்னேன். பொய்யும் இல்லை. அவன் எழுந்து முன்னால் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஒரு சிங்கள அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து மகா ஓயா வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அதற்கப்பால் காடு. பாதை ஓரத்தில் யானை நின்றது. பஸ் லைட்டைப் போட்டுவிட்டு அசையாமல் நின்றது.  எனக்கு மட்டும்தான் பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். டிரைவர் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

கரடியனாறு வந்ததிலிருந்தே நான் எழுந்து நின்றுவிட்டேன். "செங்கலடி! நான் செங்கலடி எறங்கணும்!" வாய் வந்துவிட்டது, அடங்கவில்லை. "ஒக்காருங்கம்மா, செங்கலடி எங்கயும் ஓடிப் போகாது" என்றான் கொண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. சிரிக்கட்டும்.

வார்டில் விஜி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகமெல்லாம் ஊதிப் போயிருந்தது. குளவி கொட்டிய அன்றைக்கு அவரைப் பார்த்த மாதிரி. கதவிலேயே நின்றுவிட்டேன்.  இவ்வளவு தூரம் வந்தவளுக்கு அந்த நாலு எட்டு வரவில்லை.

அவள்தான் திரும்பினாள். "அம்மா" என்றாள். போனேன்.

அக்டோபர் 15

ரமேஸ் போனை எடுக்கவில்லை. மாமா ஒரு தடவை எடுத்தார். "சத்தியத்த ஒடைச்சவ இந்த லயத்துப் படி ஏறக் கூடாது" என்று வைத்துவிட்டார்.

விஜிக்குப் பிரசர் இறங்கவில்லை. நர்ஸ் வரும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அவள் ஒன்றும் காட்டுவதில்லை.

அக்டோபர் 18

கத்தி வைக்கப் போகிறார்கள். நாளைக்கு. கையெழுத்துப் போட்டார் மருமகன். நான் உடைத்த சத்தியம்தான் காரணம் என்று தோன்றுகிறது. இல்லை என்று யாராவது சொன்னால் நல்லது. யாரிடம் கேட்பேன்?

அக்டோபர் 19

பெண். இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

நவம்பர் 2

தீபாவளியும் போனது. ரமேஸ் மடுல்சீமைக்குப் போனானாம், பூட்டிய காம்பராவைப் பார்த்துவிட்டுத் திரும்பினானாம். தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறான். என்னோடு பேசவில்லை. குழந்தையின் படத்தை விஜி அனுப்பினாள். பார்த்திருக்கிறான். பதில் இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

நாற்பது கழிந்து, பிள்ளையும் பால் குடித்துத் தேறியது. விஜி நடமாடுகிறாள். நேரே மடுல்சீமைக்குப் போயிருக்கலாம். மாமா படியேற விடமாட்டேன் என்று சொன்ன பயம் ஒரு பக்கம். அதைவிட, பேசாத மகனை நினைக்கிற பயம் பெரிதாக இருந்தது.

மட்டக்களப்பில் கொழும்பு ரயில் ஏறினேன். முதல் தடவை. காலைத் தூக்கி வைக்கும்போது நகர்ந்துவிடுமோ என்று கம்பியை இறுக்கிப் பிடித்த கையில் இன்னும் துருக் கறை இருக்கிறது. கோட்டை ஸ்டேசனில் இறங்கி, வாசலில் நின்ற பொம்பளைப் பொலிசிடம் கடைப் பேரைச் சொன்னேன். கை காட்டினாள். பாதையைக் கடக்க முடியவில்லை. ஒரு தடவை போய்த் திரும்பி வந்தேன். பிறகு மூட்டை தூக்குகிறவர்கள் கூட்டமாகக் கடந்தார்கள், அவர்களோடு சேர்ந்து கடந்தேன்.

இவன் இத்தனை வருடம் வேலை பார்த்த கடை இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது. ரமேஸ் ஏணியில் நின்று மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். மெலிந்திருக்கிறான். நான் கூப்பிடவில்லை. அவனாகவே பார்த்தான். பெட்டி கையிலேயே இருந்தது.

இறங்கி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"யாரும்மா கூட்டிட்டு வந்தா?"

"சாப்புட்டியாடா?" என்று கேட்டேன்.