உங்கள் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருந்த மத்தியானங்கள்

என் அத்தைக்கு, இப்போது கால்வலி இல்லாமல் எங்கோ நடந்துகொண்டிருக்கும் என் அத்தைக்கு,

நேற்று மத்தியானம் கண் அசந்த நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். ஈஜிபுரா வீட்டின் பின்னறையில் நின்று வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தீர்கள். வெளியே பெய்கிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாத தூறல். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. மடிக்க மடிக்கத் துண்டுகள் தீரவே இல்லை.

எழுந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. ஒரு விஷயத்தைக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

தொம்மலூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தீர்கள். எத்தனை குழந்தைகளுக்கு முதல் குளியல் உங்கள் கையில் நடந்ததோ! உங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் எனக்குத்தான் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. "ஊர்ப் புள்ளைங்களையெல்லாம் தூக்குனேன், என் வீட்ல தூக்க ஒண்ணு இல்ல" என்று பக்கத்து வீட்டில் நீங்கள் சொல்வது சுவர் தாண்டிக் கேட்கும். ஒரே சமையலறையில் அத்தனை வருஷம் நின்றோமே, மொத்தமாக எவ்வளவு பேசியிருப்போம்?

பிறகு மறதி வந்தது. முதலில் குழம்புக்கு இரண்டு தரம் உப்பு போட்டீர்கள். அப்புறம் என் பெயர் போனது. அதற்கும் அப்புறம், நீங்கள் ரிட்டயர் ஆகி வந்துவிட்ட அந்த ஆஸ்பத்திரி உங்களைத் தேடித் திரும்பி வந்தது. விடிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "டூட்டிக்கு நேரமாச்சு, மூணாம் பெட்டுக்கு வலி எடுத்துடுச்சு" என்று கிளம்பிவிடுவீர்கள்.

உங்கள் மகனுக்குக் கம்பெனி வாசலில் பன்னிரண்டு மணி நேரக் காவல் வேலை. நீங்கள் தூங்குவதில்லை, அதனால் நானும் தூங்குவதில்லை. பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்ததையும் நிறுத்தினேன். ஒரு மத்தியானம் சுவரில் சாய்ந்தபடியே கண் மூடிவிட்டேன். விழித்தபோது கதவு திறந்து கிடந்தது.

மூன்று மணி நேரம் தேடினோம். உங்கள் ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது ஒரு கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அதன் வாசலில் காவலாளி தன் நாற்காலியைக் கொடுத்து உங்களை உட்காரவைத்திருந்தார். செருப்பில்லாத கால் முழுக்க ரத்தம். "ஒரு ஆளப் பாத்துக்க முடியலயா உன்னால?" என்று உங்கள் மகன் தெருவிலேயே கத்தினார். மறுநாளிலிருந்து கதவைப் பூட்டினேன்.

இதுதான் அத்தை, சொல்ல வேண்டியது. பூட்டிய கதவை நீங்கள் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். "கொழந்த அழுவுது, தொறடி." காலையிலிருந்து அதே வார்த்தை, அதே தட்டல். மூன்றாம் நாள் நான் உங்களை அடித்தேன். கன்னத்தில். நீங்கள் அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே உங்களுக்கு மறந்துவிட்டது. என் கை மறக்கவில்லை.

அந்த வாரம் உங்கள் காலுக்கு மருந்து கட்டப் போன இடத்தில் ஒரு டிரஸ்ட்டைப் பற்றிச் சொன்னார்கள். வயதானவர்கள், மறதி வந்தவர்கள், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், இவர்களை வீடு தேடி வந்து பார்ப்பார்களாம். நர்ஸ் சாந்தா வந்தார். உங்கள் காலைப் பார்த்து முடித்தபின் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ எப்பம்மா கடைசியா நல்லாத் தூங்குன?"

அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அடித்ததை அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவ நடக்கக் கூடாது. அதுக்கு நீ தூங்கணும். ஆள் அனுப்புறேன்" என்றார்.

அப்படித்தான் வனஜா மேடம் வந்தார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கன்னட அம்மா. வாரத்தில் இரண்டு மத்தியானம், இரண்டு மணி நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் தூங்கலாம், வெளியே போகலாம், சும்மாவும் இருக்கலாம். எவ்வளவு கொடுக்கணும் என்று சாந்தாவிடம் கேட்டேன். "ஒண்ணும் வேணாம். மருந்துக்கும் எங்க சம்பளத்துக்கும் யாரோ குடுக்குறாங்க. இவங்க மாதிரி ஆளுங்க நேரத்தக் குடுக்குறாங்க" என்றார். யாரோ என்றால் யார்? ஒரு மருந்துக்கடைக்காரர் தன் அம்மாவின் நினைவுநாளில் டயப்பர்கள் தந்தாராம். அவர் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

உங்கள் மகனுக்குப் பொறுக்கவில்லை. "எங்க அம்மாவ ஓசியில பாத்துக்குற நெலமைக்கா வந்துட்டோம்?" என்றார். ஒருநாள் ஷிப்ட் சீக்கிரம் முடிந்து வந்தார். வனஜா மேடம் தரையில் உட்கார்ந்து, உங்கள் பாதத்தை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டும்போது தலையை எப்படிப் பிடிப்பது என்று நீங்கள் கன்னடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். அவரும் "ஹௌதம்மா, ஹௌது" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். உங்கள் மகன் ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே போய் அந்த அம்மாவுக்குத் தன் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்தார்.

இன்னொரு மத்தியானம். பாதித் தூக்கத்தில் இருந்தேன். யாரோ போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார்கள். உங்கள் குரல், எனக்குத் தெரியாத மெல்லிய குரல்: "சத்தம் போடாதீங்க. நேத்துதான் பெத்தவ. ஒடம்பெல்லாம் வலிக்கும்." என் நெற்றியைத் தடவினீர்கள். வயிற்றின் மேல் கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தீர்கள். நான் கண்ணைத் திறக்கவே இல்லை. அந்த அறையில் பால் வாசனை வந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? யாரைத் தடவினீர்கள் அத்தை? என்னையா, மூணாம் பெட்டில் இருந்தவளையா? யாராக இருந்தால் என்ன, நெற்றி என்னுடையதுதானே.

கடைசி மாதங்களில் நீங்கள் எழுந்திருக்கவில்லை. படுக்கைப் புண்ணுக்காக ஒரு காற்று மெத்தை வந்தது. மல்லேஸ்வரத்தில் யாருடைய அப்பாவோ படுத்திருந்த மெத்தையாம், அவர் போனபின் பிள்ளைகள் கொடுத்தது. வலிக்கு சாந்தா மருந்து தந்தார். முனகல் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை, நான் உங்கள் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு சின்னதாகி, இன்னும் சின்னதாகி, நின்றது.

இப்போதைய சேதி சொல்கிறேன். இந்த வருஷம் கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். வாரா வாரம் போன வீடுகளுக்கு நர்ஸ்கள் மாதம் ஒருமுறைதான் போகிறார்கள். போன மாதம் கொடுப்பவர்களை அழைத்து ஒரு கூட்டம் வைத்தார்கள், என்னைப் பேசச் சொன்னார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு இறங்கலாம் என்றுதான் போனேன். மைக்கைப் பிடித்ததும், "எங்க அத்தைய நான் அடிச்சேன்" என்று வந்துவிட்டது. "அதுக்கப்புறம் ஒரு நாளும் அடிக்கல. ஏன்னா, நீங்க குடுத்ததுல எனக்கு ரெண்டு மணி நேரம் தூக்கம் கெடச்சுது." கடைசி வரிசையில் உங்கள் மகன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அதுவரை தெரியாது.

பஸ்ஸில் அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். விவேக் நகர் தாண்டும்போது வாயைத் திறந்தார். "டூட்டி இல்லாத ஞாயித்துக்கெழமயும் டூட்டின்னு சொல்லிட்டுப் போவேன். பார்க்ல உக்காந்திருப்பேன். வீட்டுக்கு வரப் பயமா இருக்கும். உன்ன விட்டுட்டு ஓடுனவன் நான்." நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்து, போயும்விட்டது.

இப்போது சம்பளம் வந்ததும் டிரஸ்ட்டுக்கு ஒரு பங்கை முதலில் எடுத்து வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரஸ்ட் அனுப்பும் கட்டில்களை மாடிக்குத் தூக்கப் போகிறார். லிஃப்ட் இல்லாத வீடுகளுக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

நான் புதன்கிழமைகளில் ஸ்ரீராம்புரம் போகிறேன். செல்வி அக்காவின் கணவர் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர், இப்போது படுக்கை. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தால் செல்வி அக்கா வெளியே போகலாம். முதல் நாள் அவருக்கு எங்கே போவதென்றே தெரியவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "எங்கயாச்சும் போங்கக்கா" என்றேன். போனார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"எங்கக்கா போனீங்க?"

"எங்கயும் இல்ல கல்பனா. மெட்ரோல ஏறி கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போனேன். அதே ரயில்ல திரும்பி வந்துட்டேன். யாரும் என்னைக் கூப்பிடல" என்று சொல்லிச் சிரித்தார்.

புதன்கிழமைகளை விடமாட்டேன் அத்தை. மழை பெய்தாலும், பஸ் வராவிட்டாலும். செல்வி அக்கா அடுத்த வாரம் மெட்ரோவில் இன்னொரு லைனில் போய்ப் பார்க்கப் போகிறாராம்.

உங்கள் மருமகள்,
கல்பனா