ஆறாவது பாட்டும் முதற்பிரதியும்

செவன் கிங்ஸ்
09.10.2007

அன்புள்ள மகள் சாருஜாவுக்கு,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் அந்தக் கிளாஸ்கோக் குளிரில் இருமலில்லாமல் இருக்க வெஸ்ட் ஈலிங் அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், நீ எடுத்தால். நான் எடுக்கும் நேரமெல்லாம் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து செய்தி விடச் சொல்கிறாள், அவளிடம் என் குடும்பக் கதையைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எனக்காவது மாதத்தில் ஒருமுறை இரண்டு வரி மெசேஜ் வருகிறது, அப்பாவுக்கு அதுவும் இல்லை. பார்மசிப் படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு நீ கிற்றாரோடு புறப்பட்ட அன்று அவர் ஏதோ சொன்னார், நீ ஏதோ சொன்னாய், இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். பத்து வருஷம் சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இந்த ஒரு கடிதத்தையாவது எழுத்துக்கூட்டி வாசித்து முடி. சிரிப்பு வரும் இடத்தில் சிரி, ஆனால் கடைசிவரை வாசி.

உன் அல்பம் வந்த செய்தியை நீ எங்களுக்குச் சொல்லவில்லை. பெரியம்மாவின் மகள் லக்‌ஷிகாதான் வேலை முடிந்து வரும் வழியில் தன் லப்டொப்பைக் கொண்டுவந்து நான் சமைத்துக்கொண்டு நின்ற குசினியின் மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினாள். பதினொரு இங்கிலீஷ் பாட்டையும் இருந்து கேட்டேன். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லோண்ட்ரியில் ஒரு பெரிய மெஷின் இருக்கிறது, யாராவது விரிப்போடு சேர்த்துக் காலில் போடும் சப்பாத்தையும் உள்ளே போட்டுவிட்டால் அது இந்தச் சத்தம்தான் போடும், ஆனால் அதை நிற்பாட்ட ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. எட்டு வருஷம் சங்கீதம் படித்த தொண்டை, வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடிய தொண்டை, இப்போது பல்லுக்கொதி வந்து தாடையைப் பிடித்தவள் போலக் கத்துகிறது. கிற்றாரும் நீயாம், ட்ரம்ஸும் நீயாம், ஜன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு ஓர் அறைக்குள்ளேயே எல்லாம் பதிவு செய்தாயாம். கம்பனி இல்லை, கடை இல்லை, வேண்டும் என்று கேட்டவரும் இல்லை. நீயே பாடி, நீயே அடித்து, நீயே இன்டர்நெட்டில் வெளியிட்டு, தன் கழுத்தில் தானே தாலி கட்டிக்கொண்ட மாதிரி. பெயரையும் சாரா என்று பாதியில் நறுக்கியிருக்கிறாய். மீதிப் பாதி என்ன பாவம் செய்தது? படத்திலும் முகத்தின் அரைவாசியை மயிர் மூடியிருக்கிறது. அது கலையாம், லக்‌ஷிகா சொன்னாள். சீப்புக் கிடைக்காதவர்களெல்லாம் கலைஞர்கள் என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போயிற்று.

நான் அத்தோடு மூடிவைத்துவிட்டேன், அப்பா விடவில்லை. பதினாறு வருஷமாக, நம் ஊர் ஆட்கள் லண்டனில் நடத்தும் ஒன்றியத்தின் செயலாளர் அல்லவா, அவர் லக்‌ஷிகாவிடம் முதலில் கேட்ட கேள்வி பாட்டு எப்படி என்பதல்ல, முதற்பிரதியை யார் வாங்கினது என்பதுதான். அவள் முழித்தாள். இது இன்டர்நெட்டில் மட்டும்தான், பிரதி என்று கையில் பிடிக்க ஒன்றும் இல்லை என்று பொறுமையாக மூன்று தரம் விளங்கப்படுத்தினாள். அவர் மூன்று தரமும் தலையாட்டிவிட்டு, அப்படியென்றால் அது இன்னும் வெளிவரவில்லை என்று முடிவு சொன்னார். அவருடைய உலகத்தில் ஒரு கவிதைப் புத்தகமோ, அவர் பாஷையில் இறுவட்டு என்கிற சீடியோ வந்தால் மண்டபம் எடுத்து, விளக்கேற்றி, நாலு பேர் புகழ்ந்து, தங்கக் கடதாசியில் சுற்றிய முதற்பிரதியை ஒரு பிரமுகர் மேடையில் நின்று வாங்கவேண்டும். படம் எடுத்த பிறகு அதை ஒருவரும் திறந்து பார்க்கத் தேவையில்லை, அநேகமாகப் பார்ப்பதுமில்லை. உனக்கும் அப்படியொரு விழா எடுக்காவிட்டால் பிள்ளையின் உழைப்பு அநாதையாகப் போய்விடும் என்று நின்றார். அவள் கேட்டாளா என்று கேட்டேன். கேட்டுச் செய்வதற்கு அவள் போன் எடுக்கிறாளா என்றார்.

பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும் மனிதர் வீட்டில் இல்லை. இல்ஃபோர்ட் நூலகத்தில் இருக்கும் பெண்ணைப் பிடித்து, உன் இணையப் பக்கத்தை ஒவ்வொரு தாளாக அச்செடுத்திருக்கிறார். பாட்டுகளின் பெயர், பாட்டு வரிகள் முழுக்க, முன்பின் தெரியாத யார் யாரோ கீழே எழுதிய அபிப்பிராயங்கள், நீ அவர்களுக்கு எழுதிய பதில்கள், எல்லாம் நாற்பத்தொரு தாள். அதைச் சுருள்கம்பி போட்டுக் கட்டி, தங்கக் கடதாசியில் சுற்றி, சிவப்பு ரிப்பனும் முடிந்துவிட்டார். கையில் பிடிக்க முடியாத அல்பத்துக்கு முதற்பிரதி தயார். அழைப்பிதழில் செல்வி சாருஜா விஜயரத்தினத்தின் இறுவட்டு வெளியீட்டு விழா என்று அடித்திருந்தது. இறுவட்டே இல்லையே என்றேன், அது வழக்கமான வசனம் என்றார். உனக்கும் ஒன்று தபாலில் போட்டார். நீ வீடு மாறிய விலாசம் எங்களுக்குத் தெரியாது, பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. உறையை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் முப்பதாம் தேதி, ஞாயிறு நாலு மணிக்கு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விழா. ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. நெருப்புக் கொளுத்தக்கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டதால் பற்றரியில் எரியும் மெழுகுதிரியைக் குத்துவிளக்கின் மேல் வைத்து ஐந்து பேர் வரிசையாக நின்று அதன் சுவிச்சைப் போட்டார்கள். எழுபது பேர் இருக்கும், அதில் முப்பது பேர் மட்டன் ரோல்ஸுக்கு வந்தவர்கள், நான்தான் பொரித்தேன் என்பதால் எண்ணிக்கை எனக்குத் தெரியும். குலசேகரம் மாஸ்டர் ஆய்வுரை. நாற்பது நிமிடம் யாழையும் பறையையும் பற்றிப் பேசி, அந்த மரபில் தங்கை சாருஜாவின் இன்னிசையும் தவழ்ந்து வருகிறது என்று முடித்தார். இன்னிசையாம். தேத்தண்ணி கொடுக்கும்போது நீங்கள் கேட்டீர்களா மாஸ்டர் என்று கேட்டேன், தன் வீட்டுக் கொம்பியூட்டரில் சத்தம் வராது என்றார். கொஞ்சமும் கூசாமல் இன்னொரு ரோல்ஸ் எடுத்தார். முதற்பிரதி வாங்க வந்தவர் குகநாதன், ஜெர்மனியிலிருந்து வந்து இங்கே மூன்று பலசரக்குக் கடை போட்டவர். லண்டனில் வெளிவரும் எல்லாவற்றுக்கும் முதற்பிரதி வாங்குகிறவர், அவர் வீட்டு அலுமாரியில் ரிப்பன் அவிழ்க்காத புத்தகங்கள் ஐம்பதுக்குக் குறையாது. ஒன்றையாவது அவிழ்த்திருந்தால் அவருக்கும் வழக்கத்துக்கும் அது அவமரியாதை.

பிரதி வழங்குவதற்கு முன் ஒரு பாட்டைப் போடுவது என்று ஏற்பாடு. எதைப் போடுவது என்று அப்பாவே லக்‌ஷிகாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆறாவது பாட்டு. அவள் வேண்டாம் சித்தப்பா என்று கெஞ்சியிருக்கிறாள், இவர் கேட்கவில்லை. ஆறாவது எதைப் பற்றியது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேடைக்கென்றே பிறந்த ஒரு செயலாளர், தனக்குச் சால்வை போட்டவருக்கு அதே சால்வையைத் திருப்பிப் போடுகிறார், மைக் அணைந்த பிறகும் சுவருக்கு நன்றி சொல்கிறார், வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஒருவரும் இல்லாததால்தான் மண்டபம் எடுத்துப் பேசுகிறார். அந்தக் கடைசி வரியை நீ நாலு தரம் கத்துகிறாய். பின் வரிசையில் இருந்த பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு தாய்தகப்பன்மாருக்குக் காதுக்குள் மொழிபெயர்த்தார்கள், சிரிப்பு வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. குகநாதனின் மகன் எழும்பிப் போய்த் தகப்பனிடம் ஏதோ சொன்னான். சால்வை போடுகிறவர் என்று தன்னையும் சேர்த்துத்தான் பகிடி பண்ணியிருக்கிறது என்று விளங்கியதும் அந்தப் பெரிய மனிதர் ஒலிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு பக்கக் கதவால் இறங்கிப் போய்விட்டார். பாட்டு முடிந்தது. அப்பா தட்டத்தில் அந்தப் பொட்டலத்தோடு மேடையின் நடுவில் நிற்கிறார், வாங்க ஆளில்லை. மாஸ்டர் நிலத்தைப் பார்க்கிறார். போன வருஷம் தன் புத்தக விழாவுக்கு இதே அப்பாவைக் கொண்டு கதிரை அடுக்குவித்தவர், எழும்பி இரண்டு அடி வைக்க ஏலாமல் இருந்தார்.

மேடை எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். நான் பின்னால் ரோல்ஸ் தட்டுகளோடு நின்றேன். அவர்களை எல்லாம் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது, அந்தக் கோபத்தில் எண்ணெய்க் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு விறுவிறென்று போய் ஏறி நான் வாங்கினேன். தாய் முதற்பிரதி வாங்கியதை நான் எங்கும் பார்த்ததில்லை. படம் எடுப்பவனுக்காக அப்பா வழக்கம் போலச் சிரித்தார். அந்தப் படம் வருகிற கிழமைத் தமிழ்ப் பேப்பரில் வருமாம். யாராவது உனக்கு அனுப்பி வைப்பார்கள், அதற்கு முன் நீ என்னிடமிருந்து கேள்விப்பட வேண்டும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

அடுத்த நாள் காலை ஷிப்டுக்குப் போக முன் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாட்டு உங்களைத்தான் நக்கலடிக்கிறது, அது கூட விளங்காமல் எழுபது பேர் முன்னால் போட்டு மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று கத்தினேன். அப்பா பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்:

“விளங்காமல் என்ன? அதிலை உள்ளதெல்லாம் நீர் இந்தக் குசினிக்குள்ளை நிண்டு சொல்லுற கதைதானே, கமலேஸ். இருபத்தாறு வருஷமாக் கேக்கிறன். பிள்ளை இங்கிலீசிலை மாத்தியிருக்கிறாள், அவ்வளவுதான்.”

அவர் பாணை இரண்டாக வெட்டிப் பாதியை என் பக்கம் தள்ளினார்.

“ரெண்டு வருஷமா என்னோடை ஒரு சொல்லுக் கதைக்காத பிள்ளை, என்னைப் பற்றி மூண்டு நிமிஷம் பாடியிருக்கிறாள். நான் வேறை எந்தப் பாட்டைப் போடுறது?”

அன்றைக்கு நான் வேலைக்குப் பிந்திப் போனேன். இரண்டு கிழமையாக அதையே யோசிக்கிறேன் என்று எழுத வந்தது, எட்டு நாள்தான் ஆகிறது. அவர் சொன்னது சரி. சுவருக்கு நன்றி சொல்வது என்னுடைய வசனம். வீட்டில் கேட்க ஆளில்லாமல் மண்டபம் எடுக்கிறார் என்பதும் நான் சொன்னதுதான், நீ அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மேசையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாய், சிரித்தாய், நீ சிரித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆட்களைக் கீழே பார்க்க உனக்கு நான்தான் பழக்கினேன். இந்தக் கடிதத்தையே பார், மாஸ்டரையும் குகநாதனையும் உன்னையும் விட்டுவைத்தேனா? எழுதும்போது எனக்கு நல்ல உற்சாகமாகவும் இருந்தது. இந்த வீட்டில் அந்தக் குணம் இல்லாத ஒரே ஆள் அவர்தான், அவரை நாம் இரண்டு பேரும் மடையன் என்று நினைத்தோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, சாருஜா.

ஆகவே இதைக் கேள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உன் பக்கத்தில் ஒன்றும் எழுதிவிடாதே. செவ்வாயும் வியாழனும் அவர் நூலகத்துக்குப் போய் உன் பக்கத்தை வாசிக்கிறார், நீ அவரை நக்கலடித்தால் அதையும் அச்செடுத்து ஃபைலில் போட்டுவிடுவார். உன் பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, பிடித்ததாகப் பொய் சொல்ல மாட்டேன், நீ தொடர்ந்து பாடுவதென்றால் பாடு, அது உன் பாடு. ஆனால் அப்பாவுக்கு ஒரு போன் எடு. பாட்டுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, அவர் அதை எதிர்பார்க்கவுமில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள், இன்னும் வாய் வரவில்லை, வரும்.

அம்மன் உனக்குத் துணையிருக்க வேண்டும், தொண்டையையும் அவளே காப்பாற்ற வேண்டும், நீ காப்பாற்றுவதாகத் தெரியவில்லை. ஈரச் சப்பாத்தோடு திரியாதே, இரவில் பாணை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே, புது விலாசத்தை அனுப்பு, இந்தக் கடிதத்தை லக்‌ஷிகாதான் படம் பிடித்து உனக்கு ஈமெயிலில் அனுப்புகிறாள். மறக்காதே, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு எடு. அப்பா போனின் முதல் மணியிலேயே எடுத்துவிட்டு, தான் ஏதோ முக்கிய வேலையாக இருந்ததாகச் சொல்வார். ஓமப்பா என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலேஸ்வரி விஜயரத்தினம்