பச்சைக் காருக்கு ஒரு பெட்டி

உ
பூந்தமல்லி
விய வருஷம், தை மாதம், வியாழக்கிழமை

என் டுர்ருவுக்கு, உன் அக்கா முத்தம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம். உன் பட்டாளத்துக் கூட்டாளி சம்பத் சுகம். அவன் பெண்சாதி பூங்காவனம் சுகம், அவள் வயிற்றில் இருப்பதும் உதைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறது. உன் சுகத்தைக் கேட்கும் வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன்.

ஊருக்கு நீ பரந்தாமன். எனக்கு மட்டும் டுர்ரு. பேச்சு வருவதற்கு முன்னாலேயே வாயால் மோட்டார் ஓட்டியவனை வேறு எப்படிக் கூப்பிடுவது. யுத்தத்தில் நீ எகிப்து தேசத்தில் லாரி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த வருஷமெல்லாம் மாதம் ஒரு கடிதம் உனக்கு எழுதினேன். இரண்டாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்து கூடி வந்ததே அதனால்தான். ஆடி மாதம் உன்னைக் கொண்டுபோய் வைத்த பிறகு கை சும்மா இருந்தது. இப்போது சொல்வதற்கு விஷயம் சேர்ந்துவிட்டது. விலாசம்தான் எழுதவில்லை.

உன் பச்சைக் கார் நன்றாக இருக்கிறது. நசுங்கிய மூக்கைச் சம்பத் தட்டி நிமிர்த்தி, அதே பச்சையைக் கலந்து அடித்துவிட்டான். மாட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து என்ஜினை முடுக்கினால் எருமை மிரண்டு, அன்று சாயங்காலம் பால் பாதிதான் கறக்கிறது. பால்காரி என்னைத் திட்டுகிறாள். நான் உன்னைத் திட்டுகிறேன்.

செங்குன்றத்துக்கு அப்பால் விமானம் இறங்கப் போட்ட ஓடுதளத்தில் மாசியில் மறுபடி கார்ப் பந்தயம் வைக்கிறார்களாம். ஆடியில் நீ போய்ச் சேராத அதே பந்தயம். சம்பத் வந்து வெகு நேரம் தொண்டையைச் செருமினான். "அக்கா, அவன் கட்ன வண்டி. ஒரு வாட்டியாவது அது ஓடணும்க்கா" என்றான். ஓடட்டும் என்றேன். எப்படிக் கொண்டுபோவாய் என்று கேட்டேன். அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்கு மட்கார்டும் இல்லை, விளக்கும் இல்லை, நம்பரும் இல்லை. ரோட்டில் ஓட்டினால் போலீசு பிடிக்கும். அதனால் ஜம்புலிங்கத்தின் லாரிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துப்போவது என்பதுதான் உங்கள் ஏற்பாடு. கட்டி இழுத்தால் ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஆள் காருக்குள் உட்கார்ந்தாக வேண்டும். அன்றைக்கு நீ உட்கார்ந்தாய். அம்பத்தூர் ஏரிக்கரை இறக்கத்தில் லாரி மெதுவானதும் கயிறு தொய்ந்து முன் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது என்று ஜம்புலிங்கம் ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அவன் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. லாரியைக்கூட வேறு தெரு வழியாக எடுத்துப்போகிறான்.

இந்தத் தடவை சம்பத் உட்காருவானாம். ஜாக்கிரதையாகப் போவார்களாம். பூங்காவனம் அப்போது நம் கொல்லையில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். வயிறு இடிக்காமல் ஆட்டுக்கல்லுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து ஒரு கையால் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டேன்: கார் இப்போது என்னுடையது, கயிற்றில் போகாது. ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் எருமைக்குத் துணையாக இருக்கட்டும்.

சம்பத்துக்குக் கோபம். பூங்காவனத்துக்குச் சந்தோஷம். அவள் அன்று எனக்கு மட்டும் நெய் ஊற்றித் தோசை போட்டாள்.

லாரிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வண்டிக்கு ட்ரெய்லர் என்று பெயராம். திறந்த பலகை வண்டியே போதும், கனமும் குறைவு என்றான் சம்பத். மூடின பெட்டிதான் வேண்டும் என்றேன். மழை என்றேன், புழுதி என்றேன், வண்டி நின்ற இடத்திலெல்லாம் பிள்ளைகள் ஏறி மிதிக்கும் என்றேன். எல்லாம் நிஜம்தான். உனக்கு மட்டும் இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் பச்சையை அம்பத்தூரில் எல்லாருக்கும் தெரியும். திறந்து போனால் கடைக்காரர்கள் எழுந்து வந்து அந்த இடத்தைக் கையால் காட்டுவார்கள். அதற்காக நீ அதைக் கட்டவில்லை.

ஆளுக்கொரு சவுக்குக் கழியைக் காரின் அகலத்துக்கு நறுக்கி எடுத்துக்கொண்டு பெட்டி பார்க்கக் கிளம்பினோம். அவன் டயருக்கு டயர் அளந்தான். நான் டயருக்கு வெளியே துருத்தும் அச்சுக் குமிழையும் சேர்த்து அளந்தேன். வாசல்படியில் இடிப்பது எப்போதும் துருத்திக்கொண்டு இருப்பதுதானே.

முதலில் மாங்காட்டுக்குப் போனோம். கிண்டிப் பந்தயக் குதிரைகளை ஏற்றிய பெட்டி ஒன்று அங்கே ஒருவரிடம் இருந்தது. வெளியே புதுச் சாயம், பார்க்க லட்சணம். உள்ளே போய்க் குதிகாலால் அழுத்தினேன். குதிரை மூத்திரம் ஊறிப் பலகை புட்டு மாதிரி உதிர்ந்தது. "குதிரையே நின்ன எடம்மா, காரு நிக்காதா" என்றார் அவர். குதிரை கால் மாற்றி நிற்கும், கார் ஒரே இடத்தில்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது குத்தம்பாக்கத்தில், கலைந்துபோன நாடகக் கம்பெனியின் பெட்டி வண்டி. இரண்டு பக்கமும் ராஜா, ராணி, அசுரன் எல்லாம் எழுதியிருந்தது. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சம்பத், "இதுல ஏத்திகினு போனா நம்மளாண்ட எல்லாரும் டிக்கெட்டு இன்னா வெலைன்னு கேப்பாங்கக்கா" என்றான். அது போகட்டும், சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. ரப்பர் இல்லை. செங்குன்றம் போய்ச் சேர்வதற்குள் உன் கார் திருகாணி திருகாணியாகக் கழன்றுவிடும்.

இனி மிச்சம் ஆவடிதான். பட்டாளத்துக்காரர்கள் யுத்தச் சாமான்களை அங்கே ஏலம் போடுகிறார்கள். அங்கேயும் இல்லையென்றால் சம்பத் மறுபடி கயிற்றைப் பற்றிப் பேச வருவான். நானும் மறுபடி இல்லை என்பேன். அவனோடு எனக்குச் சண்டை வராமல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா முத்தம்மாள்

பூந்தமல்லி
மாசி மாதம், சனிக்கிழமை

டுர்ரு,

பெட்டி வாங்கியாகிவிட்டது. நம் வாசலில்தான் நிற்கிறது. காக்கி நிறம், உள்ளே உன் பச்சை. ஓட்டை ஒழுகல் இல்லை. நான்கு குடம் தண்ணீரைக் கூரையில் ஊற்றிப் பார்த்துவிட்டேன்.

ஆவடியில் நுழையும்போதே, பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்றான் கேட்டில் இருந்தவன். "அவங்கதான்யா மொதலாளி, நான் சும்மா தொணைக்கு வந்துகீறேன்" என்றான் சம்பத். முதலாளி என்று சொன்னதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். மலை மாதிரி பூட்சு, கொசுவலை, வாளி. அதற்குப் பின்னால் இரண்டு பெட்டிகள். ஒன்று பெரியது, நாலு சக்கரம், உள்ளே கல்யாணப் பந்தி போடலாம். மற்றொன்று சின்னது, இரண்டு சக்கரம், கம்பியில்லாத் தந்தி மிஷினை வைத்திருந்ததாம். அந்த மிஷின்காரன் உட்கார்ந்த பலகை முன்பக்கச் சுவரில் இன்னும் இருக்கிறது. பின்பக்கம் முழுக்க ஒரே கதவு. கீழே கீல். திறந்து சாய்த்தால் அதுவே கார் ஏறுகிற பலகை.

சம்பத்துக்குப் பெரியதில்தான் கண். எனக்குச் சின்னதில். ஜம்புலிங்கத்தின் லாரி கிழட்டு லாரி, பெரியதை மேட்டில் இழுக்க மூச்சு வாங்கும் என்றேன். இரண்டு சக்கரம் என்றால் நம் வீட்டு நெல் வண்டி மாதிரிதான், பின்பாரம் ஏறினால் நுகம் தூக்கும், முன்பாரம் கொஞ்சம் இருந்தால் அடங்கிப் போகும், அது எனக்குப் புரிந்த விஷயம் என்றேன். பட்டாளத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவனும் ஒப்புக்கொண்டான். கழியைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். என் கழி உள்ளே போனது. பக்கத்துக்கு ஒரு சாண் மிச்சம் இருந்தது. உன் பட்டாளத்துப் பணத்தில் வாங்கினோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து காரைத் தள்ளி ஏற்றினோம். தாழம்பூவைப் பெட்டியில் வைத்த மாதிரி போய் உட்கார்ந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகுதான் சம்பத் யோசித்தான், முன் சக்கரத்தை யார் உள்ளே போய்க் கட்டுவது என்று. அவனே நுழைந்தான். தோள் போனது, வயிறு போகவில்லை. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் சுவருக்கும் டயருக்கும் நடுவில் நின்றான். "இன்னும் நாலு தோசை துன்னு மாமா, நல்லா போவும்" என்று பூங்காவனம் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. காலைப் பிடித்து இழுத்து அவனை வெளியே எடுத்தோம்.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு இடம் தாராளமாக இருந்தது. முட்டுக்கட்டை வைத்து, வைக்கோல் வண்டிக்குப் போடுகிற முடிச்சில் நாலு சக்கரத்தையும் இறுக்கிக் கட்டினேன். வெளியே வந்தபோது சம்பத் வயிற்றைத் தடவிக்கொண்டே, "அப்ப நீ வராம இந்தக் காரு எங்கியும் போவாதா?" என்று கேட்டான். ஆமாம் போலிருக்கிறதே என்றேன்.

கழியைப் பிடித்துப் பார்த்தவள் நான். ஒரு சாணில் யார் போவார்கள், யார் போக மாட்டார்கள் என்று எனக்கா தெரியாது. பந்தயம் பந்தயம் என்று சோற்றுத் தட்டின் முன்னால் அத்தனை பேசுவாயே, ஒரு நாளும் நீயும் வா என்று நீ கூப்பிட்டதில்லை. கூப்பிடு என்று நானும் கேட்டதில்லை. இதைச் சம்பத்திடம் சொல்லிவிடாதே.

நேற்று ஓட்டிப் பார்த்தோம். ஜம்புலிங்கம் லாரியைக் கொண்டுவந்தான். ஆடிக்குப் பிறகு இப்போதுதான் நம் வாசலுக்கு வருகிறான். என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்துப் பேசினான். மோர் கொடுத்தேன், குடித்தான். கட்டு தளர்கிறதா என்று ஓடும்போது பார்க்க நான் உள்ளேயே பலகையில் உட்கார்ந்து வருகிறேன் என்றேன். "பின்னால யாரும் குந்தக்கூடாதுன்னு சொன்னதே நீதானேக்கா" என்று சம்பத் சண்டைக்கு வந்தான். இது கயிறு இல்லை, இரும்பு என்றேன். அதற்கு மேல் ஒரு சங்கிலி. இதில் யாரும் எதையும் பிடித்துத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும் என்றேன். மாட்டு வண்டி வேகத்தில்தான் போவேன் என்று ஜம்புலிங்கம் சத்தியம் செய்தான். அப்படியேதான் போனான்.

கதவைச் சாத்தியதும் உள்ளே அரை இருட்டு. உச்சியில் ஒரு சின்ன வலை ஜன்னல், அதில் வானம் மட்டும் தெரிந்தது. உன் காரின் மூக்கு என் முழங்காலுக்கு எதிரே. கட்டு தளரவில்லை. திருவேற்காடு வரை மணிச் சத்தம், கோழிச் சத்தம் எல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு வண்டி ஒரே சீராக ஆடியது. உன்னைத் தூளியில் போட்டு ஆட்டியபோது கயிற்றைப் பிடித்தபடி நானும் தூங்கிப்போவேனே, அந்த மாதிரி கண்ணைக் கட்டியது. திடீரென்று வண்டி நின்றது. கதவு திறந்து ஜம்புலிங்கம் நின்றான். முகமெல்லாம் வேர்வை. "தாண்டிட்டோம்க்கா" என்றான். எதை என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் ஏரிக்கரை இறக்கம் என்று புரிந்தது. அவன் அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். நானும் இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் அழுதான். நான் அழவில்லை. அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, எழுந்திரு, வெயில் ஏறுகிறது என்றேன். திரும்பி வரும்போது அவன் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினான்.

நாளைக்கு விடிந்ததும் கிளம்புகிறோம். அதற்கும் ஒரு வில்லங்கம் வந்தது. பூங்காவனத்தின் அம்மா சொர்ணம் வந்திருக்கிறாள். பந்தயத்துக்குக் கிளம்புகிற வண்டிக்கு எதிரே தாலி இல்லாதவள் நிற்கக்கூடாது என்று மெதுவாக என் காதில் சொன்னாள். பாவம், கெட்ட எண்ணம் இல்லை, மருமகன் ஓட்டுகிறானே என்ற பயம். நான் எதிரே நிற்கவில்லை, பெட்டிக்குள்ளே இருப்பேன், கதவைச் சாத்திவிட்டு நீங்கள் பூசணிக்காய் உடையுங்கள் என்றேன். சொர்ணத்துக்குச் சாஸ்திரத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது என்று தெரியவில்லை. ஏரிக்கரை தாண்டியதும் முன்னால் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறான் ஜம்புலிங்கம்.

புளிச்சோறு கட்டியாகிவிட்டது. சம்பத் சீக்கிரம் படுத்துவிட்டான். ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. அவன் முழுசாகத் திரும்பி வந்து பூங்காவனம் கையால் சாப்பிட வேண்டும், உன் கார் கடைசிக் கோடு வரைக்கும் ஓடிவிட வேண்டும் என்று திருவேற்காட்டு அம்மனிடம் இரண்டு மட்டும் கேட்டேன். நீயும் கேள். நீ எங்கே இருந்தாலும் அங்கே உனக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா
முத்தம்மாள்

பின்குறிப்பு: சம்பத் காரில் இருப்பான். ஜம்புலிங்கம் பெட்ரோல் டின்னோடு எங்கேயோ நிற்பானாம். துரைமார்களும் துரைசானிகளும் ஒரு பக்கமாக நாற்காலி போட்டு உட்காருவார்களாம். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. கார் வருவது நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் நான் எந்தப் பக்கம் நிற்கட்டும்?